வெக்கைக் கணக்கு

நம்ம சிதறால் மலைக்கோவில் பாறையில கிடந்து உறங்கின சமண முனிமாருக்கு ஏசி கிடையாது மக்கா. ஃபேன் கிடையாது, பாய் கிடையாது, உடுதுணி கூடக் கிடையாதுன்னு சொல்லுகாவ. ஒன்பதாம் நூற்றாண்டுல, ஆய் ராஜா விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இன்னும் அங்க இருக்கு. பாறையில தீர்த்தங்கரரைச் செதுக்கி வச்சுட்டு, ஒருநேரம் சாப்பிட்டுட்டு, மயில்பீலியால பூச்சியை ஒதுக்கி ஒதுக்கி நடந்த கூட்டம் அது. தலைக்கு எத்தனை டன் புகை விட்டாவன்னு கணக்கெடுத்தா சைபர்தான் வரும். அடுப்பே இல்லாதவனுக்குப் புகை எங்க இருந்து வரும்? நீயும் அவியளைப் போல இருன்னு நான் சொல்ல வரல்ல. சொன்னா உனக்க பெஞ்சாதி என்னைக் கொன்னு போடுவா.

ஆனா நேத்து ராத்திரி பனியனைக் கழத்தி எறிஞ்சுட்டு, "நம்ம சிதறால்ல முன்னெல்லாம் இப்படியா வெக்கை இருந்துது பாட்டா? இதுக்கு யாரு காரணம்?"னு கேட்டியே, அந்தக் கேள்வி எனக்கு நல்லாப் பிடிச்சுது. கேட்ட இடம் அதைவிடப் பிடிச்சுது. ஓட்டு வீட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு நீ கட்டின கான்கிரீட் வீட்டு மொட்டைமாடி. பகல் பூரா வெயில் வாங்கின தளம் ராத்திரியும் உள்ளங்காலைச் சுட்டுது. அதுல ஒரு காலை மாத்தி மறுகாலை வச்சு நின்னுகிட்டு, யாரு காரணம்னு கிழக்கையும் மேற்கையும் பாக்கிய. கீழ பாருலே.

கோவிச்சுக்காதே. உனக்க வீடு மட்டுமா உலகத்தைச் சூடாக்கிச்சு? வீட்டுச் சூடு வேற, உலகச் சூடு வேற. முற்றத்துக்கு இன்டர்லாக் கல்லு பதிச்சு, கிணத்தடி வாழையை எல்லாம் பிடுங்கினா வீடு சுடும். அது நம்ம குடும்ப விசயம். உலகம் சுடுகது காத்துல கூடிப்போன கார்பன் டை ஆக்சைடால. ஆனா ரெண்டுக்கும் ஒரு உறவு உண்டு. நீ இறக்கின சிமென்டு மூட்டை எப்படி வந்துது? சுண்ணாம்புக் கல்லைச் சூளையில போட்டு வேக வைக்கணும். சூளைக்கு நிலக்கரி எரிச்ச புகை ஒரு பங்கு. வேகுத கல்லே தனக்குள்ள பூட்டி வச்சிருந்த கார்பன் டை ஆக்சைடை வெளிய விடும், அது இன்னொரு பங்கு. உலகத்துல வெளியாகுத கார்பன் டை ஆக்சைடுல நூத்துக்கு ஏழெட்டு இந்தச் சிமென்டு வகையில வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். ஓட்டையும் சூளையிலதான் சுட்டாவ, அதையும் சொல்லிப் போடுகேன். இல்லாட்டி நீ மடக்குவ.

இப்பம் அந்த வெக்கைக்கு நீ கண்டுபிடிச்ச மருந்து ரெண்டாவது ஏசி. கொள்ளாம். அறைக்குள்ள இருக்கிற சூட்டை எடுத்து அடுக்களைச் சன்னலுக்கு நேரா வெளிய தள்ளும். உள்ள நீ போர்வை மூடிக் கிடப்ப, வெளிய உனக்க பாட்டி இட்டிலித் தட்டோட வெந்துகிட்டு நிப்பா. அதுக்கு வேண்டிய கரண்டு நாட்டுல பத்துல ஏழு பங்கு நிலக்கரியை எரிச்சுதான் வருது. கிழக்க முப்பந்தல்ல, ஆரல்வாய்மொழிக் கணவாய் காத்துக்கு அத்தனை காத்தாடி சுத்துதே, அதுக்குப் புகை கிடையாது. ஆனா ஆடிக் காத்து பங்குனி ராத்திரிக்கு வராதுல்லா? நீ பட்டனை அமுக்குகது பங்குனி ராத்திரியில. பின்ன, ஏசிக்குள்ள ஓடுகிற வாயு ஒண்ணு இருக்கு. அது கசிஞ்சா எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிடப் பல நூறு மடங்கு சூடு பிடிக்கும். சில வகை ரெண்டாயிரம் மடங்குக்கும் மேல. இதைக் குறைக்கணும்னு 2016-ல ருவாண்டா நாட்டுக் கிகாலியில உலக நாடுகள் உக்காந்து ஒத்துக்கிட்டிருக்கு. உனக்க ஏசி மெக்கானிக்குக்கு இன்னும் தாக்கல் வரல்ல போல. போன தடவை கேஸ் நிறைக்க வந்தவன், பழசை 'புஸ்ஸு'ன்னு நம்ம கமுகு மூட்டுல திறந்து விட்டுட்டுத்தான் போனான்.

கார்பன் டை ஆக்சைடு எப்படிச் சூடு பிடிக்கும்னு கேட்டா, நம்ம ரப்பர் புகைப்புரையை நினைச்சுக்க. ஷீட்டு தொங்கவிட்டு, கீழ விறகு போட்டு, கதவைச் சாத்திட்டா தீ அணைஞ்ச பொறவும் உள்ள சூடு நிக்கும். ஆகாசத்துல கதவைச் சாத்துகது இந்த வாயு. வெயிலை உள்ள விடும். பூமி திருப்பி அனுப்புத சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். இது இல்லாமலே போனா பூமி ஐஸ் கட்டியாப் போவும், அதனால கதவு கொஞ்சம் சாத்தித்தான் இருக்கணும். நாம தாழ்ப்பாளும் போட்டுட்டோம். மிசின் காலம் வாறதுக்கு முன்ன பத்து லட்சம் பங்கு காத்துல 280 பங்கு இருந்துது. 1958-ல ஹவாய்த் தீவு மலை மேல கீலிங்னு ஒருத்தரு அளக்கத் தொடங்கினப்பம் 315-ஐ ஒட்டி. இப்பம் 420-ஐத் தாண்டியாச்சு.

இதெல்லாம் இப்பம் வந்த பேச்சுன்னு நினைக்காதே. 1856-ல யூனிஸ் ஃபுட்னு அமெரிக்காக்காரி ஒருத்தி கண்ணாடிக் குழாயில இந்த வாயுவை அடைச்சு வெயில்ல வச்சா. சும்மா காத்து இருந்த குழாயைவிட அது கூடச் சுட்டுது. 1896-ல சுவீடன்காரரு அர்ரேனியஸ், காத்துல இந்த வாயு கூடினா பூமி எத்தனை டிகிரி ஏறும்னு தாள்ல கணக்குப் போட்டாரு. மறுவருசம்தான் இங்க பேச்சிப்பாறை அணைக்கு வேலை தொடங்கினது. அணை 1906-ல முடிஞ்சு, நாஞ்சில் நாடு பூரா வெள்ளம் பாஞ்சு, அந்தக் காலத்துக் குழந்தைகளுக்குப் பேரனும் எடுத்தாச்சு. அவரு கணக்கை மட்டும் யாரும் எடுத்துப் பாக்கல்ல. அவருக்கும் பயம் ஒண்ணும் கிடையாது, கேட்டியா. குளிர்ல விறைச்ச நாட்டுக்காரரு, சூடு ஏறினா நல்லதுதானேன்னு சந்தோசப்பட்டாரு. தன் வீட்டுத் திண்ணையில இருந்து பாத்தா எல்லாருக்கும் நியாயம் அப்படித்தான் தெரியும்.

அந்தச் சூடு இப்பம் எங்க வந்து நிக்குதுன்னா, 2024-ஆம் வருசம் மனுசன் அளக்கத் தொடங்கின நாள் முதல் உள்ளதுலயே சூடான வருசம். 1850-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட சராசரியைவிட ஒண்ணரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல. "ஒண்ணரை டிகிரி ஒரு சூடா பாட்டா?"ன்னு நீ சிரிச்ச. உனக்கு ஒண்ணரை டிகிரி காய்ச்சல் வந்தப்பம் குழித்துறை ஆசுபத்திரிக்குப் போன ஆட்டோவுல நீ போட்ட சத்தம் எனக்கு ஓர்மை உண்டு.

சரி, யாரு காரணம்னு கேட்டல்லா. நிலக்கரியும் பெட்ரோலும் எரிச்சு இதுவரை சேத்து வச்ச புகையில நாலுல ஒரு பங்கு அமெரிக்காக்காரன் விட்டது. நாம இத்தனை கோடிப் பேரும் சேந்து விட்டது நூத்துக்கு மூணோ நாலோ. இப்பமும் வருசத்துக்குத் தலைக்கு நம்ம ஆளு ரெண்டு டன், அமெரிக்காக்காரன் பதினாலு டன். நீ வேலை செய்யுத நாட்டுல இருபதை ஒட்டி. அதனால நீ துபாய்ல இருக்கும்போது பெரிய மனுசன், லீவுக்குச் சிதறாலுக்கு வந்தா ஏழை. விமானம் ஏறி இறங்குகதுக்குள்ள உனக்க பாவம் பத்துல ஒண்ணாக் குறையுது பாரு!

உனக்க துபாயில 2023 கடைசியில உலக நாடுகள் எல்லாம் கூடி இதைப் பத்தி மாநாடு போட்டாவ. மாநாட்டுத் தலைவரு யாரு? அபுதாபி எண்ணெய்க் கம்பெனியின் தலைமை அதிகாரி. நான் குத்தம் சொல்லல்ல. கள்ளுக்கடைக்காரரு மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவரா இருந்தா சாயாச் செலவாவது ஒழுங்கா நடக்கும். மாநாடு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, 2024 ஏப்ரல் 16-ல அங்க பெஞ்ச மழையில விமான நிலையம் குளமாச்சு. எழுபத்தைஞ்சு வருசத்துல அப்படி ஒரு மழை அளந்ததில்லையாம். நீ வீடியோ கால் போட்டு, முட்டளவு வெள்ளத்துல கார் மிதக்குகதைக் காட்டி, "பாலைவனத்துல மழை பாட்டா!"ன்னு துள்ளின. சூடு ஒரு டிகிரி ஏறினா காத்து ஏழு பங்கு கூட ஈரம் சுமக்கும்னு சொல்லுகாவ, நூத்துக்கு ஏழு. சுமந்ததை எங்க இறக்கணும்னு அது யார்ட்டயும் கேக்காது. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் இறக்கிச்சு. ஒரு வருசம் பூரா பெய்ய வேண்டிய மழையைவிடக் கூட. இங்க 2021 நவம்பர்ல குழித்துறை ஆறு கரை மறிஞ்சு வீட்டுக்குள்ள ஏறினதை நீ வாட்சப்புலதான் கண்ட, நாங்க சன்னல்ல கண்டோம்.

பெரிய நாட்டுக்காரன் செய்ததுக்கு நாம என்ன செய்யன்னு நம்ம சாயாக்கடையில தினமும் வழக்கு நடக்கும். அமெரிக்காக்காரன் பாரிஸ் ஒப்பந்தத்துக்குள்ள வாறதும் போறதுமா இருக்கான். 2020-ல போனான், 2021-ல வந்தான், 2025-ல மறுபடி போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டான். நம்ம ஊருல மருமகள் கூட இத்தனை தடவை பிணங்கிப் போறதில்ல. அவன் கணக்கை அவன்கிட்டத்தான் கேக்கணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து கிடையாது. ஆனா அவன் பேரைச் சொல்லிக்கிட்டே நீ ரெண்டாவது ஏசி வாங்குகது இருக்கே, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது.

நான் விஞ்ஞானி இல்ல. எனக்குத் தெரிஞ்சது பால்வெட்டும் தேன்பெட்டியும். அதுல கண்டதைச் சொல்லுகேன். ரப்பர் மரம் பொழுது விடியுகதுக்கு முன்னதான் பால் தரும். நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு, நேத்து வெட்டின சாலுல காய்ஞ்சு கிடக்கிற ஒட்டுப்பாலை நகத்தால இழுத்து எடுத்துட்டு, கத்தியைச் சரிச்சு வச்சுப் பட்டையைத் தாள் கனத்துக்குச் சீவணும். கொஞ்சம் ஆழம் போனா மரத்துக்கு முறிவு, மேலாப் போனா பால் வராது. சீவின உடனே வெள்ளையா முத்து முத்தா வந்து, சரிவுல ஓடி, சிரட்டையில சொட்டும். வெயில் ஏற ஏற மரம் இறுக்கம் விட்டுப் போயி ஓட்டம் நின்னு போவும். வெக்கை கூடினா ஓடுத நேரம் குறையும், அது ஒரு நட்டம். மழை வந்தா பட்டை நனைஞ்சு, பால் சாலுல ஓடாம மரத்தைச் சுத்திப் பரவி, சிரட்டையில வெள்ளம்தான் நிக்கும். அதுக்குத்தான் மரத்துக்குப் பிளாஸ்டிக்குல பாவாடை கட்டி, தார் பூசி ஒட்டுகோம். பாவாடை கட்டுகதும் பருவம் தெரிஞ்சாத்தானே? எடவப்பாதி மழை எப்பம், ஐப்பசி மழை எப்பம்னு எனக்க அப்பன் விரலை மடக்கிச் சொல்லுவாரு. ரெண்டு மழையும் உள்ள ஊரு நம்ம ஊரு, அதுல அவருக்கு அத்தனை பெருமை. இப்பம் மாசியில ஒரு மழை, சித்திரையில ஒரு பேய்மழை, ஆடியில காய்ச்சல். சவத்த, எந்த மாசத்துக்கு எந்த விரலை மடக்கன்னு தெரியல்ல. வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி கிடையாது. அந்த வெட்டுகாரன் ஏசியைக் கடை வாசல்லதான் கண்டிருக்கான்.

தேன் இன்னும் நுணுக்கம். ரப்பர் மரத்துல தேன் பூவுலன்னு நீ நினைப்ப. பூவுல இல்ல மக்கா, இலையில. மார்கழியிலயும் தையிலயும் மரம் மொத்தமா இலை உதுத்து மொட்டையா நிக்கும். பொறவு தளிர் செம்பு நிறத்துல வரும். மூணு இலையும் காம்புல சேருத மூட்டுல சின்னதா கண்ணு போல மூணு சுரப்பி இருக்கும். தளிர்ப் பருவத்துல விரலை வச்சுப் பாரு, ஒட்டும். அந்த ஒட்டுதான் மார்த்தாண்டம் தேன். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ.-க்கு வந்த ஸ்பென்சர் ஹாட்ச் துரை சொல்லிக்கொடுத்த பெட்டி வளர்ப்பு, 2023-ல புவிசார் குறியீடு வரைக்கும் வந்து நிக்குது. ஆனா தளிர் விடுத அந்தக் கொஞ்ச வாரத்துல ஒரு மழை பெஞ்சா சுரப்பியில உள்ளது எல்லாம் கழுவிப் போவும். ஈ பெட்டியை விட்டு இறங்காது. மூடுபனி நின்னா தளிர்ல சாம்பல் நோய் வந்து கொழிஞ்சு விழும். வருசம் பூரா சீனிப்பாகு ஊத்தி வளர்த்தது அந்த ஒரு பருவத்துக்குத்தான். தொண்ணூறுகளோட தொடக்கத்துல நோய் வந்து பெட்டி பெட்டியா ஈ செத்தது, அதை நான் வெக்கை தலையில கட்ட மாட்டேன், அது வைரஸ் செய்தது. எல்லாத்தையும் ஒருத்தன் தலையில கட்டினா உண்மையான கணக்கும் பொய்யாப் போவும்.

அதே போலத்தான் ஓகியும். 2017 நவம்பர் 30. முந்தின நாள் காற்றழுத்தத் தாழ்வுன்னு சொன்னாவ, மறுநாள் விடிஞ்சு பாத்தா புயல். நம்ம பக்கம் ரப்பர் மரம் முறிஞ்சு தோட்டம் தோட்டமாக் கிடந்துது, ஏத்தன் வாழை ஒண்ணு நிக்கல்ல. ஆனா மரம் போனவன் மறுபடி நட்டான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் காரங்க ஆழ்கடல்ல இருந்தாவ. அவியளைத் தேடச் சொல்லிப் பெண்ணடிகளும் பிள்ளைகளும் டிசம்பர் 7-ல குழித்துறை ரயில் பாதையில வந்து இருந்தப்பம் நானும் போயி நின்னேன். என்னத்தச் சொல்ல. இந்தப் புயலுக்கு வெக்கைதான் காரணம்னு நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனா பூமியில கூடின சூட்டுல பத்துல ஒன்பது பங்கை வாங்கி வச்சிருக்கிறது கடல், அதுல நம்ம அரபிக்கடலும் சூடேறிக்கிட்டே வருது. சூடான கடல் மேல ஒரு தாழ்வு சட்டுனு புயலா முறுக்கேறும்னு படிச்சவிய எல்லாரும் ஒத்துக்குவாவ.

சாளையும் அப்படித்தான். கேரளக் கரையில 2012-ல நாலு லட்சம் டன்னுக்குப் பக்கம் கிடைச்ச சாளை 2021-ல 3,297 டன் ஆச்சுன்னு கொச்சிக் கடல்மீன் ஆராய்ச்சிக்காரங்க எழுதினாவ. கடல் சூடும் உண்டு, குஞ்சைக்கூட விடாம அரிச்சு எடுத்ததும் உண்டு. பொறவு சாளை திரும்பி வந்துது, ஆனா மெலிஞ்சு நெய்யில்லாம. மரச்சீனிக்கிழங்கும் சாளைப் புளிமுளமும்தான் இந்தச் சில்லாவுல ஏழையையும் பணக்காரனையும் ஒரே போலக் கை நக்க வச்சது. அதுல நெய் குறைஞ்சதுக்கு எந்த மாநாட்டுல யாருட்ட மனு கொடுக்க?

இனி எனக்க உபதேசத்தைக் கேளு. கேட்டுட்டு நீ செய்ய மாட்ட, அதுவும் தெரியும். ஏசியை விக்கச் சொல்லல்ல. வாங்கினது இருக்கட்டும், இருபத்தாறுல வையி. பதினெட்டுல வச்சுட்டு ரெண்டு கம்பளி போத்துகதுக்குச் சிதறால் எதுக்கு, சுவீடனுக்குப் போயிரலாம். மொட்டைமாடிக்கு மேல ஓட்டுக் கூரை ஒண்ணு இறக்கு. நீ பிரிச்ச பழைய ஓடு வேலியோரத்துல அடுக்கித்தான் இருக்கு, நான் யாருக்கும் கொடுக்கல்ல. தென்பக்கத்துல சூரியத் தகடு போடு. 2024-ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூவா வரை மானியம் உண்டு. உனக்கு முந்தி ரெண்டு பேரு வாங்கிட்டாவ, அதுல ஒருத்தன் உனக்க மச்சினன். இதுக்காவது உனக்கு ரோசம் வரணும். முற்றத்துல இன்டர்லாக் கல்லைப் பாதி இளக்கு, மழைவெள்ளம் கிணத்துக்கு இறங்கட்டும். மார்த்தாண்டம் சந்தைக்கு மட்டிப்பழம் வாங்கக் காரை எடுக்காதே, பஸ்ஸு வருது. பஸ்ஸுல போனா ஊரு விசேசமும் காதுல விழும். உன்னைப் பத்தி ஊரு என்ன பேசுதுன்னும் தெரிஞ்சுக்கலாம்.

அந்த அயனி மரத்தை முறிக்கணும்னு சொன்னல்லா? காருக்கு மேல சருகு விழுது, சக்கை விழுந்து கண்ணாடி உடையும்னு. நியாயம்தான். மரம் முறிக்கிறவன் காலையிலயே கயறும் மிசினுமா வந்தான். நீ உறங்கிக்கிட்டு இருந்த. மேக்கொம்புல கடந்தல் கூடு ஒண்ணு கலக்குடம் பருமனுக்கு இருக்கு, போன வாரம் ஒருத்தனைக் கடிச்சு ஆசுபத்திரியில சேத்தாச்சுன்னு சொன்னேன். அவன் சாயா கூடக் குடிக்கல்ல. கடந்தலா? நான் இதுவரை கண்டதில்ல. நீ வேணும்னா ஏறிப் பாத்துச் சொல்லு.